கண் தெரியாதவர் இடவியல் செய்தது எப்படி? – பொந்த்ரியாகின் பற்றி

18 நவம்பர் 2025 – கேள்வி

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். எங்கள் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் ரஷ்யக் கணிதவியலாளர் லெவ் பொந்த்ரியாகினைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு வயதில் பார்வை போனது, அம்மா புத்தகங்களைப் படித்துக் காட்டினார், மகன் உலகப் புகழ் பெற்றார் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். இடவியல் (டோபாலஜி) உருவங்களைப் பற்றிய கணிதம் ஆயிற்றே, பார்க்காமல் எப்படிச் செய்தார்? பாதிக் கணக்கை அம்மாதான் போட்டார் என்று சக ஆசிரியர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

18 நவம்பர், இரவு – பதில்

அம்மா கணக்குப் போடவில்லை. தத்யானா அந்திரேயெவ்னா தையல் வேலை செய்தவர். உயர்கணிதம் எங்கும் படித்தவர் அல்லர். மகனுக்கு வாசித்துக் காட்டினார், மகன் சொல்லச் சொல்ல எழுதினார், கைப்பிரதிகளில் சூத்திரங்களைத் தன் கையால் நிரப்பினார். வெளிநாட்டுக் கட்டுரைகளை வாசிப்பதற்காக அந்த வயதில் வேற்று மொழிகளையும் கற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் மகனின் செயலாளர் அவர்தான். தேற்றங்கள் மகனுடையவை.

பொந்த்ரியாகின் 1908 செப்டம்பர் 3 அன்று மாஸ்கோவில் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். பதினான்காவது வயதில் பிரைமஸ் அடுப்பு வெடித்ததில் இரண்டு கண்களும் போயின. பம்ப் ஸ்டவ் எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1925இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடவியலாளர் பாவெல் அலெக்சாந்திரோவின் வகுப்புகளில் உட்கார்ந்தார். பத்தொன்பது வயதில் சொந்த முடிவுகள் வரத் தொடங்கிவிட்டன. 1929இல் பட்டம். 1935இல் ஸ்டெக்லோவ் கணித நிறுவனத்தில் ஒரு துறைக்கே தலைவர்.

19 நவம்பர், காலை

இரவு எழுதியதை மறுபடி வாசித்தேன். அம்மாவின் பங்கு சிறியது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். கணிதத்தை வாய்விட்டு வாசிப்பது எவ்வளவு கடினம் என்பது அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் பார்வையற்ற மாணவன் ஒருவன் கணிதம் படிக்க வேண்டும் என்று வந்தான். வரலாறு எடுத்துக்கொள், உனக்கு அதுதான் எளிது என்று அலுவலகத்தில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். வரலாறு எளிது என்று யார் சொன்னது என்பது வேறு விஷயம். அவன் வரலாற்றில் சேர்ந்துவிட்டு, மாலையில் என்னிடம் கணக்கு கேட்க வந்துகொண்டிருந்தான். முதல் நாள் நான் சாதாரணமாக வாசித்தேன்: "அ கூட்டல் ஆ வகுத்தல் இ." அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். "சார், வகுத்தல் கோடு அ-வுக்கு அடியிலும் போகிறதா, ஆ-வுக்கு அடியில் மட்டுமா?"

பக்கத்தைப் பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வியே எழாது. கோட்டின் நீளத்தைக் கண் அளந்துவிடும். காதுக்கு அந்தக் கோடு இல்லை. அதன்பிறகு எங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டோம்: "கோடு தொடக்கம், அ கூட்டல் ஆ, கோட்டுக்குக் கீழே இ, கோடு முடிவு." அடுக்குக்குள் அடுக்கு வந்தால் குரலை ஒரு படி ஏற்றுவேன், வெளியே வரும்போது இறக்குவேன். தொகையீட்டுக் குறிக்கு மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. எதை முதலில் சொல்வது என்பதற்கும் ஒப்பந்தம். ஒரு பக்கம் முடிவதற்குள் தொண்டை வறண்டுவிடும்.

எனக்குக் கணிதம் தெரியும். வாசிப்பது இன்னதென்று புரிந்துதான் வாசித்தேன். அந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை. பொருள் தெரியாத குறிகளை, ஒன்றைக்கூட விடாமல், வரிசை பிசகாமல், பல ஆண்டுகள் வாசித்திருக்கிறார். பார்வையற்றோருக்கான கணிதக் குறியீட்டை ஆபிரகாம் நெமெத் வெளியிட்டது 1952இல்தான். அதற்குள் பொந்த்ரியாகினின் இடவியல் பணி ஏறக்குறைய முடிந்தே விட்டது. ஆகவே அம்மா கணக்குப் போட்டார் என்பது அந்த அம்மாவுக்கும் பெருமை சேர்க்காது. அவர் செய்த வேலையை மறைத்துவிட்டு, செய்யாத வேலையை அவர் தலையில் கட்டுவது அது.

19 நவம்பர், மதியம்

குறிகளின் பெயரை அம்மா எப்படிச் சொன்னார் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் சொல்லும் செய்தி இது: கணங்களின் சேர்ப்புக்கான ∪ குறியை "வால் மேலே" என்றும், வெட்டுக்கான ∩ குறியை "வால் கீழே" என்றும் வாசித்தாராம். குறி எப்படித் தெரிகிறதோ அப்படியே. பிள்ளைகளிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடமே கண மொழிதான். உடனே பிடித்துக்கொள்வார்கள்.

20 நவம்பர்

இப்போது கேள்வியின் பெரிய பகுதி. உருவங்களின் கணிதம், பார்க்காமல் எப்படி?

இடவியல் உருவத்தின் தோற்றத்தைப் பற்றியது அல்ல என்பதுதான் பதில். நீளம், கோணம், வளைவின் அழகு எதுவும் அங்கே கணக்கில் வராது. இழுக்கலாம், நசுக்கலாம், கிழிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் எஞ்சி நிற்பது எது என்பதே கேள்வி. எத்தனை துண்டுகள், எத்தனை துளைகள், எந்த வளையத்தைப் புள்ளியாகச் சுருக்க முடியும், எதை முடியாது. கண்ணால் பார்க்கிறவருக்கு முதலில் படுவது எல்லாம் இங்கே தூக்கிப் போட வேண்டியவை. நான்கு பரிமாணத்துக்கு மேலே போனால் கண் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

அவர் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். கோளத்தின் மேல் தன்னையே வெட்டாத ஒரு மூடிய வளைவரையை வரைந்தால், மீதி இடம் சரியாக இரண்டு துண்டாகும். வளைவரையைத் தெரிந்தால் அதற்கு வெளியே இருப்பதன் அமைப்பும் தெரிகிறது. அமெரிக்கரான அலெக்சாந்தர் 1922இல் இதைப் பெரிய அளவில் தேற்றமாக்கினார்: ஒரு பொருளின் துளைகளுக்கும், அந்தப் பொருளை எடுத்துவிட்டால் எஞ்சும் இடத்தின் துளைகளுக்கும் கணக்குப் பொருந்துகிறது. எண்ணிக்கை பொருந்துவதோடு நிற்க வேண்டாம், இரண்டு பக்கத்துத் துளைகளும் தரும் குலங்களுக்கு (கூட்டல் போன்ற ஒரு செயலோடு கூடிய கணங்களுக்கு) இடையே என்ன உறவு என்று பொந்த்ரியாகின் கேட்டார். அந்தக் கேள்வி அவரை இடவியலிலிருந்து இயற்கணிதத்துக்குள் இழுத்துப் போயிற்று. தகுந்த வகையைச் சேர்ந்த ஒவ்வொரு பரிமாற்றுக் குலத்துக்கும் ஓர் இணைக் குலம் உண்டு, இணையின் இணை மறுபடி பழைய குலமே என்ற தேற்றம் பிறந்தது. வட்டத்தின் இணை முழு எண்கள், முழு எண்களின் இணை வட்டம், நேர்கோட்டின் இணை அதே நேர்கோடு. ஃபூரியே தொடர் படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள்: வட்டத்தின் மேல் உள்ள சார்பை முழு எண்களால் வரிசையிட்டு எழுதுகிறோமே, அது ஏன் நடக்கிறது என்பதற்கான காரணம் இதற்குள் இருக்கிறது. 1934இல் அமெரிக்காவின் அன்னல்ஸ் என்ற கணித இதழில் வந்தது. 1938இல் இடவியல் குலங்கள் பற்றிய அவருடைய நூல். அடுத்த ஆண்டே பிரின்ஸ்டனில் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நான் அவர் பெயரை முதலில் பார்த்தது அந்த நூலின் முதுகில்தான். எழுதியவர் பார்வையற்றவர் என்று அதில் எங்கும் தெரியாது.

அதற்கும் முன்னால், 1930இல் ஒரு விந்தையைச் செய்திருந்தார். இரண்டு பரிமாணமும் இரண்டு பரிமாணமும் பெருக்கினால் நான்கு வர வேண்டும் அல்லவா? பெருக்கினால் மூன்று பரிமாணமே வருகிற இரண்டு வெளிகளைக் கட்டிக் காட்டினார். அந்தப் பொருளைப் படமாக வரைய முடியாது. கண் உள்ளவர்களும் அதை மனத்தில்தான் கட்டிப் பார்க்க வேண்டும்.

20 நவம்பர், இரவு

திருச்சி நண்பர் "அப்படியானால் அவருக்குப் பார்வையின்மை ஒரு குறையே இல்லையா?" என்று கேட்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. புதிய கட்டுரை வந்தால் அதை வாசிக்க இன்னொருவர் வேண்டும். இரண்டு பக்கம் முன்னால் போய்ப் பார்க்க வேண்டுமானால் இன்னொருவர் வேண்டும். எழுதியதைத் திருத்தவும் இன்னொருவர் வேண்டும். அது குறைதான், பெரிய குறை. குறையை ஈடுகட்ட ஒரு மனிதரின் வாழ்நாளில் பாதி செலவாகியிருக்கிறது. அந்த மனிதரின் பெயர் தத்யானா அந்திரேயெவ்னா. தன்னம்பிக்கைப் பேச்சுகளில் நான் ஒப்ப முடியாதது இந்த இடம்தான். "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்று முடித்துவிடுகிறார்கள். மனம் என் மாணவனுக்கும் இருந்தது. வாசிக்க ஆள் வேண்டுமே.

21 நவம்பர்

1935 செப்டம்பரில் மாஸ்கோவில் முதல் சர்வதேச இடவியல் மாநாடு நடந்தது. ஹாப்ஃப், செக், ஹுரேவிச், வெய், விட்னி, ஃபான் நோய்மன், அலெக்சாந்தர் எல்லாரும் வந்திருந்தார்கள். இடவியலின் முகம் மாறியது அந்த மாநாட்டில் என்றே பலரும் எழுதுகிறார்கள். பிரின்ஸ்டனிலிருந்து சாலமன் லெஃப்ஷெட்ஸும் வந்தார். அவரும் மாஸ்கோவில் பிறந்தவர். பொறியாளராக வேலை பார்த்தபோது 1907இல் மின்மாற்றி வெடித்து இரண்டு கைகளையும் இழந்தார், அதன்பிறகுதான் கணிதத்துக்கு வந்தார். கைகளை இழந்தவரும் கண்களை இழந்தவருமாக, இருவருமே வெடிவிபத்துக்குப் பிறகு இடவியலைக் கட்டியெழுப்பியவர்கள். இதில் எந்தப் பாடமும் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. அந்த அரங்கில் இருவரும் இருந்தார்கள் என்பதே எனக்குப் போதுமான வியப்பு.

22 நவம்பர்

"மேதைகள் தவறு செய்வதில்லை" என்று ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். பொந்த்ரியாகினின் மிகப் புகழ்பெற்ற வேலைகளில் ஒன்று ஒரு தவறிலிருந்து வந்தது. பொறுமையாகப் படியுங்கள், இது அழகான கதை.

உயர்ந்த பரிமாணக் கோளத்திலிருந்து தாழ்ந்த பரிமாணக் கோளத்துக்குப் போகும் தொடர்ச்சியான கோர்த்தல்கள் (பெரிய கோளத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சின்னக் கோளத்தின் ஒரு புள்ளிக்கு அனுப்பும் விதிகள்) எத்தனை வகை? இது கடினமான கேள்வி. கண்ணுக்கும் கைக்கும் பிடிபடாத இந்தக் கேள்வியை அவர் வடிவங்களின் கேள்வியாக மாற்றினார். சின்னக் கோளத்தில் ஒரு புள்ளியை எடு. அதன்மேல் வந்து விழும் புள்ளிகள் எல்லாம் பெரிய கோளத்தில் ஒரு வடிவமாகச் சேரும். பரிமாண வித்தியாசம் ஒன்று என்றால் அது வளையங்கள். இரண்டு என்றால் பரப்புகள். அந்த வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசைச் சட்டம் (திசைகளைக் காட்டும் அம்புகளின் தொகுப்பு) ஒட்டிக்கொண்டு வரும், அது வளையத்தைச் சுற்றும்போது முறுக்கிக்கொள்ளலாம். கோர்த்தல்களை வகைப்படுத்துவது என்றால் இந்தச் சட்டமிட்ட வடிவங்களை வகைப்படுத்துவது என்று பொருள்.

கோளங்களின் பரிமாணம் போதிய அளவு பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒன்று என்றால் முறுக்கு உண்டு அல்லது இல்லை, ஆக இரண்டு வகை. சரியான விடை. வித்தியாசம் இரண்டு என்றால் பரப்பு வருகிறது. பரப்பில் துளை இருந்தால் ஒரு வளையத்தைச் சுற்றி வெட்டி, இரண்டு வாயையும் மூடி, துளையைக் குறைத்துக்கொண்டே போகலாம். ஆனால் முறுக்கு இல்லாத வளையத்தில்தான் வெட்டலாம். முறுக்கில்லாத வளையம் ஒன்று எப்போதும் கிடைக்கும் என்று 1938இல் அவர் நினைத்தார். கிடைத்தால் எல்லாவற்றையும் வெட்டி வெட்டிக் கோளமாக்கிவிடலாம், விடை ஒரே வகை.

ஏன் கிடைக்கும் என்று நினைத்தார்? முறுக்குக்கு 1, இல்லாததற்கு 0 என்று வையுங்கள். ஒரு துளை உள்ள பரப்பில் குறுக்காகப் போகும் வளையம் ஒன்று, நெடுக்காகப் போகும் வளையம் ஒன்று. இரண்டுக்கும் 1 என்றால், இரண்டையும் சேர்த்துப் போகும் வளையத்துக்கு 1 கூட்டல் 1, இரட்டைப்படை, அதாவது 0. அங்கே வெட்டலாம்! தவறு இங்கேதான். இரண்டு வளையங்களும் ஒரு புள்ளியில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. சேர்த்துப் போகும்போது அந்த வெட்டுப்புள்ளி தன் பங்குக்கு இன்னொரு 1 சேர்க்கிறது. 1 கூட்டல் 1 கூட்டல் 1, ஒற்றைப்படை. மூன்று வளையங்களிலும் முறுக்கு. எங்கும் வெட்ட முடியாத ஒரு பரப்பு நிற்கிறது. விடை ஒன்றல்ல, இரண்டு.

1950இல் தன் விடையைத் தானே திருத்தி வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்கரான ஜார்ஜ் வைட்ஹெட்டும் சரியான விடைக்கு வந்துவிட்டார். வெட்டுப்புள்ளி சேர்க்கும் அந்த ஒன்றை அளப்பதற்கான கருவியைத் துருக்கியக் கணிதவியலாளர் ஜாகித் ஆர்ஃப் 1941இல் இயற்கணிதத்தில் தனியாகக் கண்டிருந்தார். அவருடைய படம் இன்று துருக்கியின் 10 லிரா நோட்டில் இருக்கிறது.

மாணவர்களுக்கு நான் இதைக் கரும்பலகையில் வரைந்து நடத்தியிருக்கிறேன். அந்த மூன்றாவது 1 வந்து விழும்போது வகுப்பில் யாராவது ஒருவர் "ஆ!" என்று சொல்லாமல் இருந்ததில்லை.

22 நவம்பர், இரவு

"இதெல்லாம் எதற்குப் பயன்?" பொந்த்ரியாகினே இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டவர். 1950களின் தொடக்கத்தில் இடவியலை விட்டார். கோர்க்கி நகரத்து இயற்பியலாளர் ஆந்த்ரோனோவுடன் ஏற்கெனவே பழக்கம். 1937இலேயே இருவரும் சேர்ந்து, சிறு மாற்றத்தால் நிலைகுலையாத இயக்க அமைப்புகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். 1955இல் விமானப்படை அதிகாரிகள் ஸ்டெக்லோவ் நிறுவனத்துக்கு வந்து, விமானத்தைக் குறைந்த நேரத்தில் வேண்டிய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்பது போன்ற சிக்கலை அவர்முன் வைத்தார்கள். அதிலிருந்து பெரும விதி என்று இன்று கட்டுப்பாட்டுப் பொறியியல் மாணவர்கள் படிப்பது பிறந்தது. விசையை எந்த நொடியில் எவ்வளவு திறக்க வேண்டும், எப்போது முழுதாகத் திருப்பிவிட வேண்டும் என்று சொல்லும் விதி. போல்தியான்ஸ்கி, காம்கிரெலித்ஸே, மிஷ்சென்கோ ஆகிய மூவரோடு 1962இல் லெனின் பரிசு. பின்னாளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று போல்தியான்ஸ்கியோடு கசப்பும் வந்தது.

இடவியல்காரனாக எனக்கு அவர் போனதில் வருத்தம் உண்டு. பிரான்ஸில் லெரே, செர் ஆகியோரின் புதிய இயற்கணிதக் கருவிகள் வந்து அவருடைய வடிவியல் வழியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. தன் வழி பின்தங்குகிறது என்று தெரிந்து விலகினாரா, பயனைத் தேடித்தான் விலகினாரா? இரண்டும் கலந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

23 நவம்பர்

இனி எழுதுவது பலருக்குப் பிடிக்காது. ஆனால் பிள்ளைகள்முன் பேசப்போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பொந்த்ரியாகினின் பிற்காலம் யூதக் கணிதவியலாளர்களுக்கு எதிரான பாகுபாட்டோடு பிணைந்தது. 1970களில் சோவியத் கணிதத்தில் யூதர்களுக்குப் பல்கலைக்கழக வாசலிலிருந்து ஆய்விதழ் வரை கதவுகள் மூடப்பட்டன. 1978இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் இதழில் இதைப் பற்றி வெளிவந்த அறிக்கையில் ஸ்டெக்லோவ் இயக்குநர் வினோகிராதோவின் பெயரோடு பொந்த்ரியாகினின் பெயரும் இருந்தது. அவர் 1975 முதல் ஒரு முக்கிய சோவியத் ஆய்விதழின் தலைமை ஆசிரியர். சர்வதேசக் கணித ஒன்றியத்தில் சோவியத் தரப்பின் குரலும் அவரே. 1978இல் ஹெல்சிங்கியில் சோவியத் கணிதவியலாளர் கிரிகோரி மார்குலிஸுக்குக் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது. மார்குலிஸ் யூதர், அவரை நாட்டைவிட்டு வெளியே அனுப்பவில்லை. அவர் பணியை அறிமுகம் செய்த ஜாக் டிட்ஸ் மேடையிலேயே தன் ஏமாற்றத்தைச் சொன்னார்.

பொந்த்ரியாகின் மறுத்தார். 1979இல் சயன்ஸ் இதழுக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு தானே எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில், ஒன்றியத்தைச் சியோனிஸ்டுகள் (யூத தேசியவாதிகள்) கைப்பற்றப் பார்த்தார்கள் என்றும், அமெரிக்கக் கணிதவியலாளர் நாதன் ஜேக்கப்சனைத் தலைவராக்க முயன்றார்கள் என்றும், அதைத் தான் தடுத்ததாகவும் பெருமையாக எழுதியிருக்கிறார். ஜேக்கப்சன் நடுத்தரமான அறிவியலாளராம். ஜேக்கப்சனின் துறையான வளையக் கோட்பாடு என்ற இயற்கணிதப் பிரிவைப் படித்த எவரும் இதை ஏற்க மாட்டார்கள். எதிரிகள் சொன்ன அவதூறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர் எழுத்து, அவர் பெயரில் அச்சானது.

23 நவம்பர், இரவு

"யூதர்களுக்கு எதிரானவர் என்றால் ரோக்லினை எப்படிக் காப்பாற்றினார்?" நியாயமான கேள்வி. இடவியலாளர் விளாதிமிர் ரோக்லின் யூதர். போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, யூதர் என்பதை மறைத்து உயிர் பிழைத்தவர். விடுதலைக்குப் பிறகு, எதிரியிடம் சிறைப்பட்டிருந்தவர் என்ற காரணத்துக்காகச் சொந்த நாட்டின் முகாமிலேயே அடைக்கப்பட்டார். அவரை வெளியே கொண்டுவர முயன்றவர்கள் புகழ்பெற்ற சோவியத் கணிதவியலாளர் கோல்மொகோரோவும் பொந்த்ரியாகினும். பிறகு ஸ்டெக்லோவில் பொந்த்ரியாகினின் உதவியாளராகச் சில ஆண்டுகள் இருந்தார். அந்த நாட்களில் ஆசிரியரின் சட்டமிட்ட வடிவங்களை எடுத்துக்கொண்டு பரிமாண வித்தியாசம் மூன்றுக்குப் போனார், 24 என்ற விடையைக் கண்டார்.

எஃப்ரெமோவிச் என்ற இடவியலாளர் 1937இல் கைதாகி ஏழு ஆண்டுகள் முகாமில் இருந்தார். திரும்பி வந்தபோது அவருக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தவர் பொந்த்ரியாகின். அந்தக் காலத்தில் அப்படி ஒருவரைச் சேர்த்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை நினைத்துப் பாருங்கள். இன்னும் பின்னால் போனால், 1928–29 குளிர்காலத்தில் ஜெர்மானியக் கணிதவியலாளர் எம்மி நோதர் மாஸ்கோவில் நடத்திய வகுப்புகளில் அவர் கற்றிருக்கிறார். நோதரும் யூதர்.

ஆக, இளமையில் ஒருவர், முதுமையில் ஒருவரா? எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. தனி மனிதருக்காக ஆபத்தை ஏற்ற அதே ஆள், பதவியில் உட்கார்ந்தபோது ஓர் இனத்தையே சந்தேகத்தோடு பார்த்தார். முன்னதைக் காட்டிப் பின்னதை அழிக்க முடியாது. பின்னதற்காக முன்னதை மறைக்கவும் வேண்டாம்.

24 நவம்பர்

"பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? நல்லதை மட்டும் சொல்லலாமே" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்குலிஸ் கதை வேண்டாம்தான். ஆனால் "பார்வையற்றவர், ஆகவே தூயவர்" என்ற பிம்பம் பிள்ளைகளின் மனத்தில் விழக் கூடாது. பார்வையற்றவர்களை மனிதர்களாகப் பார்க்க விடாத பிம்பம் அது. என் மாணவன் கோபக்காரன். நான் தவறாக வாசித்தால் சிடுசிடுப்பான், ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு எழுந்தே போனான். அவனைப் பற்றி மேடையில் பேசியவர்கள் எல்லாரும் "எப்போதும் சிரித்த முகம்" என்றார்கள். அவனுக்கு அது அறவே பிடிக்காது.

சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பனிச்சறுக்கும் ஸ்கேட்டிங்கும் செய்தார் பொந்த்ரியாகின். விழுந்தார், எழுந்தார், மறுபடி போனார். பிள்ளைகளுக்கு அது போதும்.

24 நவம்பர், மாலை

நம் ஊர்த் தொடர்பு ஏதாவது உண்டா என்று கேட்டவருக்கு: சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கே. சந்திரசேகரன் 1971 முதல் 1974 வரை சர்வதேசக் கணித ஒன்றியத்தின் தலைவர். அந்தக் காலத்தில் துணைத் தலைவர்களில் ஒருவர் பொந்த்ரியாகின். பனிப்போர்க் காலத்தில் இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டிய பொறுப்பு சந்திரசேகரனுடையது. அவரைப் பற்றித் தமிழில் நாம் போதிய அளவு எழுதவில்லை.

25 நவம்பர்

ஆசிரியர்கள் பலர் இருப்பதால் இதையும் சொல்கிறேன். 1970களில் கோல்மொகோரோவ் முன்னின்று சோவியத் பள்ளிக் கணிதத்தை மாற்றினார். கணக் கோட்பாட்டின் மொழியில் எல்லாவற்றையும் எழுதினார்கள். திசையன் என்றால் தளத்தின் இணைப் பெயர்ச்சி என்று பாடநூலில் வரையறை. 1980இல் கட்சி இதழான கம்யூனிஸ்டில் பொந்த்ரியாகின் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிள்ளைக்கு அம்பு ஒன்றை வரைந்து காட்டினால் புரிவதை ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறீர்கள் என்பது அவர் வாதம். கண்ணால் எதையும் பார்க்காத மனிதர் "படம் போட்டுக் காட்டுங்கள்" என்று வாதாடியிருக்கிறார்! பாடத்திட்ட விஷயத்தில் நான் அவர் பக்கம். ரோக்லின் விடுதலைக்காக ஒன்றாக நின்ற இருவர் இப்படி எதிரெதிரே நின்றார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வடக்கே ஓடும் ஆறுகளைத் தெற்கே திருப்பும் சோவியத் திட்டத்தையும் எதிர்த்தார். 1986இல் அது கைவிடப்பட்டது. 1988 மே 3 அன்று மாஸ்கோவில் காலமானார்.

27 நவம்பர்

கேள்வி கேட்டவர் பேச்சுக்குறிப்பை அனுப்பியிருந்தார். இரண்டு இடம் திருத்தினேன். "தாயின் ஆசியால்" என்று இருந்ததை எடுத்துவிட்டு, தத்யானா அந்திரேயெவ்னா என்ன வேலை செய்தார் என்பதைப் பெயரோடு நான்கு வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். "குறையை வென்றார்" என்பதை எடுத்துவிட்டு, உங்கள் பள்ளியில் பார்வையற்ற பிள்ளைக்குக் கணிதம் வாசித்துக் காட்ட யார் இருக்கிறார்கள் என்று தலைமையாசிரியரையும் வைத்துக்கொண்டு கேட்கச் சொன்னேன். அவர் தயங்குகிறார். கேட்டுவிடுங்கள்.

29 நவம்பர்

22ஆம் தேதிக் குறிப்பைப் படித்த கல்லூரி மாணவி ஒருவர், வெட்ட முடியாத அந்தப் பரப்பு வேறு பரிமாணங்களிலும் உண்டா என்று கேட்கிறார். அருமையான கேள்வி. 1960இல் கெர்வேர் என்ற கணிதவியலாளர் அதை உயர் பரிமாணங்களுக்கு நீட்டினார். அதன்பின் அரை நூற்றாண்டு அது திறந்தே கிடந்தது. 2, 6, 14, 30, 62 ஆகிய பரிமாணங்களில் உண்டு என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. 2009இல் ஹில், ஹாப்கின்ஸ், ராவெனல் மூவரும், இவையும் விடை தெரியாமல் நின்ற 126உம் தவிர வேறெங்கும் கிடையாது என்று அறிவித்து, பின்னர் நிறுவி அச்சிட்டார்கள். 126இலும் உண்டு என்று 2024 டிசம்பரில் லின், வாங், ஷூ என்ற மூவர் அறிவித்திருக்கிறார்கள். கணினியின் துணையோடு செய்த நெடிய கணக்கு அது. வரிசையின் முதல் எண்ணான 2தான் பொந்த்ரியாகின் 1938இல் தவறவிட்டு 1950இல் பிடித்த பரப்பு. கரும்பலகையில் இரண்டு வளையம் வரைந்து அங்கிருந்து தொடங்குங்கள், அம்மா. மற்ற பரிமாணங்களைப் பிறகு பார்க்கலாம்.